ராஜம்மா அக்காவின் வாழைநீரில் நான் கண்ட அமிலம்

ஊரில் எத்தனையோ வகை ஆபத்தான மனிதர்கள் உண்டு. பிரேக் பிடிக்காத மோட்டார் சைக்கிளில் பாசார் சந்தைக்குப் போகிறவர், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத மாமா, கைப்பேசியைப் பார்த்து மருந்து சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர். இவர்கள் எல்லாரையும்விட ஆபத்தானவன், ஆய்வைப் பாதி முடித்த முதுகலை மாணவன். ஒன்றும் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். முழுசாகத் தெரிந்தவர் யோசித்துப் பேசுவார். பாதி தெரிந்தவன்தான் மேடை எங்கே என்று தேடிக்கொண்டு அலைவான். நானும் தேடினேன். துரதிர்ஷ்டவசமாகக் கிடைத்தும் விட்டது.

அப்போது லூனாஸ் ஊரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் அம்மாவோடு இருந்தேன். (அப்பாவும் இருந்தார். கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு என்பதால் பகலெல்லாம் தூங்குவார். இந்தக் கதை முழுக்க அவர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார். குடும்பத்தில் குற்றமற்றவர் அவர் ஒருவர்தான்.) வாரத்தில் பாதி நாள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், மீதி நாள் வீட்டில். ஆய்வுக்கூடத்தில் போடும் வெள்ளைக் கோட்டை அங்கேயே துவைக்க வசதி இருந்தது. இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தெருவைப் பார்த்த கொடியில் காயப்போடச் சொல்வேன். எதற்கென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் ஆய்வு வாழைமரத்தின் நீரைப் பற்றியது. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும்போது செம்பு, துத்தநாகம், இரும்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு சேர்ந்து போகும். எல்லா மரத்திலும் அப்படித்தான். அது மரத்துக்குச் சத்து. ஆனால் இந்த உலோகங்கள் தனியாகப் போவதில்லை. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் போன்றவை மரத்துக்குள்ளும் உண்டு. அவைதான் உலோகத்தைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போகும். வாழையில் யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்பது என் கேள்வி. இதை அம்மாவிடம் விளக்கியபோது, "நம்ம சரசு அத்த எங்க போனாலும் யாரையாச்சும் இழுத்துக்கிட்டே போவாங்களே, அந்த மாதிரியா?" என்றார். அதைவிடத் தெளிவாக என் ஆய்வேட்டில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆய்வுக்கு வாழை வேண்டும். வாழைக்கு ராஜம்மா அக்கா இருந்தார்.

எங்கள் தாமானுக்குப் பின்னால் உயர் மின்கம்பிகளுக்குக் கீழே ஒரு நீளமான வெற்று நிலம். அதில் கால்வாசியை அக்கா வாழைத்தோப்பாக ஆக்கி வைத்திருந்தார். அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். தாமானில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். ஒரு பக்கம் பீசாங் மாஸ் வாழை, பழத்துக்கு. இன்னொரு பக்கம் அகலமான இலைக்கென்றே தனி வாழை. கோயில் அன்னதானத்துக்கும் டவுனில் உள்ள வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் அவருடைய இலைதான். காலைப் பாசாரில் அவருடைய பழம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கணவர் போன பிறகு அந்தத் தோப்பை வைத்துத்தான் அவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் நின்றார். மகன் பினாங்கில் இருந்தான். வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "என் மரத்த யாரு பாப்பா?" என்று ஒரே பதில்.

குலை வெட்டிய வாழையை எப்படியும் அடியோடு சாய்க்கத்தான் வேண்டும். அப்படிச் சாய்க்கும் மரங்களில் நீர் எடுத்துக்கொள்ள அக்காவிடம் கேட்டேன்.

"கல்லடைப்புக்கா தம்பி? வாழத்தண்ணி அதுக்குத்தான் வந்து கேப்பாங்க."

"இல்லக்கா. ஆராய்ச்சிக்கு."

"என் மரத்துலயா?" அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பல்கலைக்கழகத்துலேந்து என் மரத்துக்கு வந்திருக்கியா? எடு தம்பி, எடு. பசியாறிட்டியா மொதல்ல?"

அன்றிலிருந்து அக்கா என் ஆய்வின் பங்காளி ஆனார். பனி காயுமுன் நான் போய் நிற்பேன். அவர் பாராங் கத்தியால் மரத்தை இடுப்பளவில் சாய்வாக வெட்டுவார். முதலில் வழியும் நீரைத் துடைத்துவிட்டு, பிறகு ஊறுவதை நான் சின்னப் போத்தல்களில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைப்பேன். சட்டையெல்லாம் வாழைக்கறை. அக்கா மரத்துக்கு மரம் அறிமுகம் செய்து வைப்பார். "இது நல்லா கொல தள்ளுச்சி. இது சோம்பேறி. இது நீ பரீட்சை எழுதுன வருசம் வெச்சது."

போத்தல் விஷயத்துக்கு வருகிறேன். உலோகத்தை அளக்கும் ஆய்வில் போத்தல்தான் முதல் எதிரி. அதில் தூசு அளவு உலோகம் ஒட்டியிருந்தாலும் மரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு போத்தலையும் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தில் ஊறவைத்து, வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, பிறகுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் டாக்டர் ரொஹானா இதில் மட்டும் கண்டிப்பின் மறுவுருவம். மற்றதிலெல்லாம் தாய் மாதிரி. போத்தல் என்று வந்துவிட்டால் மாமியார்.

ஒரு வியாழக்கிழமை எனக்குப் பூப்பந்து ஆட்டம் இருந்தது. போத்தல்களை ஊறவைத்து அலச நேரமில்லை. கழுவாத போத்தல்களை அப்படியே பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஆட்டக் களைப்பில் படுத்தபடியே அம்மாவிடம் சொன்னேன்.

"ம்மா, இந்தப் போத்தலையெல்லாம் நல்லா கழுவி வெச்சிருங்க. ஒரு பொட்டு செம்பு, இரும்பு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சாதாரண சோப்பு போடாதீங்க. ஆசிட் மாதிரி ஏதாச்சும் போட்டுக் கழுவணும்."

"சரி," என்றார் அம்மா. எனக்காக எதையும் செய்யும் அம்மா. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்தப் போத்தல்களோடு தோப்புக்குப் போனேன். திங்கள் ஆய்வுக்கூடத்தில் நீரை வடிகட்டி இயந்திரத்துக்குள் செலுத்தினேன். குரோமட்டோகிராபி இயந்திரம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நுண்ணிய மணிகள் அடைத்த மெல்லிய குழாய் வழியே நீரைத் தள்ளும். உள்ளே இருக்கும் அமிலங்கள் ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் வெளியே வரும். ஒன்று வரும்போதெல்லாம் திரையில் ஒரு கூம்பு எழும். எந்த நேரத்தில் எழுகிறது என்பதை வைத்து அது எந்த அமிலம் என்று சொல்லலாம். அதுவரை என் வாழைநீரில் இரண்டு கூம்புகள் சாதுவாக எழுந்துகொண்டிருந்தன: மாலிக், சிட்ரிக். அன்று அவற்றுக்கு முன்னால் புதிதாக ஒன்று கம்பீரமாக எழுந்து நின்றது. டார்டாரிக் அமிலம். வாழைநீரில் அதை நான் பார்த்ததில்லை, படித்ததுமில்லை. உலோகம் அளக்கும் இயந்திரத்தில் வைத்தால் செம்பு ஏறியிருந்தது. துத்தநாகமும் ஏறியிருந்தது. இரண்டும் எல்லாப் போத்தலிலும் கணவன் மனைவி மாதிரி ஜோடியாகவே வந்தன.

எனக்குக் கைகால் ஓடவில்லை. இதோ ஒரு புதிய அமிலம், அது செம்பையும் துத்தநாகத்தையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாழைக்குள் ஏறுகிறது! என் மனத்தில் கட்டுரை தயாராகிவிட்டது. கட்டுரையின் தலைப்பு தயாராகிவிட்டது. (அந்தத் தலைப்பில் என் பெயர் இல்லை. கொஞ்சம் அடக்கம் அப்போதே இருந்தது.) டாக்டர் ரொஹானா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"வெறும் போத்தலில் சுத்த நீர் ஊற்றிச் சோதித்தாயா?"

"சோதித்தேன், டாக்டர். ஒன்றும் இல்லை."

பொய் இல்லை. சோதித்தேன், ஆய்வுக்கூட அலமாரியில் இருந்த வேறு போத்தலில். அம்மா கழுவிய போத்தலைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"டியாம் டுலு, குமரன்," என்றார். இப்போதைக்குச் சும்மா இரு என்று அர்த்தம். "திரும்ப எடு. அதே முடிவு வரட்டும். அதுவரை யாரிடமும் பேசாதே."

தலையாட்டினேன். அந்த வாரக் கடைசியில் எங்கள் கோயில் மண்டபத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் அறிவியல் மாலை. என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வாழைமரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று சாதுவாக ஒரு பேச்சு தயாராக இருந்தது. அதைப் பேசிவிட்டு இறங்கியிருந்தால் இன்று இந்தக் கதை இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அம்மாவும் ராஜம்மா அக்காவும். அக்கா தீபாவளிச் சேலை கட்டியிருந்தார். அன்று காலையே தோப்பில் இருந்து சீப்புச் சீப்பாகப் பீசாங் மாஸ் கொண்டுவந்து, பின்னால் பலகாரமேசையில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார். "தம்பி என் மரத்தப் பத்திப் பேசுது. வந்தவங்க வாயில நம்ம பழம் படட்டுமே லா," என்றாராம் அம்மாவிடம்.

ஏழெட்டு நிமிடம் ஒழுங்காகத்தான் பேசினேன். பிறகு முன்வரிசையில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், கூட்டத்தைப் பார்த்தேன், மைக்கைப் பார்த்தேன். டாக்டர் ரொஹானா கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

"உங்களுக்கெல்லாம் முதன்முதலாக ஒரு செய்தி சொல்லப்போகிறேன்," என்றேன்.

சொன்னேன். நம் தாமானில், ராஜம்மா அக்காவின் தோப்பில், வாழைநீரில், உலகில் யாரும் எதிர்பார்க்காத ஓர் அமிலம். அது தூக்கிக்கொண்டு போகும் செம்பு. துத்தநாகம். படம் போட்டுக் காட்டினேன். அந்தக் கூம்பு சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது. கைதட்டினார்கள். அக்கா எழுந்து பின்னால் திரும்பிக் கும்பிட்டார்.

அப்போது நடுவில் இருந்து ஒருவர் எழுந்தார். ரொம்ப நல்ல மனிதர். பாசாரில் மீன் விற்பவர்.

"தம்பி, செம்புன்னா ஒயர்ல இருக்குமே, அதானே? கரண்டு கம்பிக்குக் கீழதானே அந்தத் தோட்டம் இருக்கு. அப்ப அந்தப் பழத்தச் சாப்புடலாமா?"

மின்கம்பியில் இருந்து செம்பு சொட்டாது. எல்லா வாழையிலும் கொஞ்சம் செம்பு உண்டு. இயந்திரம் காட்டிய அளவும் யாரையும் ஒன்றும் செய்யாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். "தாராளமாகச் சாப்பிடலாம் அண்ணே" என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அப்படிச் சொன்னால் என் கண்டுபிடிப்பு சின்னதாகிவிடாதா? பெரிய விஞ்ஞானிகள் அப்படியா பேசுவார்கள்? நான் மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு (பார்வைக் குறைபாடு எனக்கு அப்போது இல்லை; அது வேறு கதை), நிதானமாகச் சொன்னேன்:

"ஆய்வு முழுமையடையும் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது."

மண்டபம் அமைதியானது. அந்த அமைதியை மரியாதை என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் பலகாரமேசைக்குப் போனார்கள். வடை தீர்ந்தது. கேசரி தீர்ந்தது. வாழைப்பழத் தட்டுப் பக்கம் நீண்ட கைகள் பாதியில் திரும்பி, டிஷ்யூ எடுப்பது போலப் பாவனை செய்துகொண்டு போயின. ஓர் அம்மா தன் பையன் கையில் இருந்த பழத்தை வாங்கித் திரும்பத் தட்டில் வைத்தார். அக்கா மேசைக்குப் பின்னால் நின்று, "எடுங்க, எடுத்துக்கங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் அப்போது யாருடனோ படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலைக்குள் தாமானின் வாட்சாப் குழுவில் என் கண்டுபிடிப்பு நான் கனவிலும் காணாத வளர்ச்சி கண்டிருந்தது. செம்பு, ஈயம் ஆகிவிட்டது. அமிலம், விஷ அமிலம் ஆகிவிட்டது. யாரோ என் படத்தையும் போட்டு, "நம்ம ஊர் விஞ்ஞானியே சொல்லிட்டார்" என்று எழுதியிருந்தார்கள். (படம் நன்றாக வந்திருந்தது. அதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.) அந்த வாரம் கோயிலில் அன்னதானத்துக்குக் காகித இலை வந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் அக்காவைக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, கஸ்டமர் கேக்குறாங்க லா," என்றார். பாசாரில் பழம் கறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அக்கா கறுத்த பழத்தை யாருக்கும் கொடுக்கவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் வாசலில் வைத்திருந்தார்.

அம்மா என்னோடு பேசவில்லை. "நான் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லவே இல்லம்மா," என்றேன். "சாப்புடுன்னு சொன்னியா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு காலை அம்மா என்னை எழுப்பினார். "போய்ப் பாரு," என்றார். போனேன்.

அக்கா தோப்பை வெட்டிக்கொண்டிருந்தார். குலை தள்ளியது, தள்ளாதது, இலைக்கென்று வைத்தது, நான் பரீட்சை எழுதிய வருடத்தில் வைத்தது, எல்லாம். பாராங் ஒவ்வொரு மரத்திலும் ஒரே வெட்டில் இறங்கியது. நான் துளித் துளியாக ஐஸ் பெட்டியில் சேமித்த நீர் மண்ணெல்லாம் வழிந்து கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, வேணாம்க்கா. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"நீ நல்லவன்தான் தம்பி," என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "ஆனா நாளைக்கு யாரு பிள்ளைக்காச்சும் காய்ச்சல் வந்தா, ராஜம்மா பழம்னு சொல்லுவாங்க. எனக்கு அது வேணாம்."

அழுகை வந்தது. கறைபடாத சட்டையோடு நின்று அழுதேன். அக்காவுக்கு என் கண்ணீரைத் துடைத்துவிட நேரமில்லை.

அடுத்த வெள்ளி. தண்ணீர்த் தடை. (எங்கள் பக்கத்தில் அது மாதாமாதம் வரும் விருந்தாளி.) பின்கட்டில் அம்மா உட்கார்ந்து குத்துவிளக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சட்டியில் புளிக்கரைசல். தேய்க்கத் தேய்க்கப் பித்தளையின் களிம்பு கரைந்து அந்தப் புளித் தண்ணீர் பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தது. விளக்கு பளபளவென்று எழுந்தது. அம்மா அதைத் துடைத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் போத்தல் ஒன்றை எடுத்தார். அதே சட்டியில் முக்கினார். நிரப்பினார். மூடினார். குலுக்கினார்.

"ம்மா! என்ன பண்றீங்க?"

"இனிமே நீயா கழுவப்போற? போன வாட்டி மாதிரியே கழுவி வெக்கிறேன்." கோபத்திலும் என் வேலையை விடவில்லை அவர்.

"போன வாட்டி... இதுலயா?"

"ஆசிட் மாதிரி ஏதாச்சும் போடுன்னு நீதானே சொன்ன? பித்தளைக்கே புளிதான் போடுறோம். செம்பு ஒட்டக்கூடாதுன்னா புளிய விட வேற என்ன இருக்கு? சும்மா ஒரு முக்கு முக்கி எடுக்கல லா, ராத்திரி முழுக்க ஊற வெச்சேன். அன்னைக்கும் தண்ணி இல்ல. ஒரு வாளியில இருந்தத வெச்சு ஒரு தடவ அலசுனேன்."

அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். டார்டாரிக் அமிலம் எங்கே நிறைய இருக்கிறது? புளியில். பித்தளை எதனால் ஆனது? செம்பாலும் துத்தநாகத்தாலும். கணவன் மனைவி ஜோடியாக வந்தது எதற்கென்று இப்போது விளங்கியது. உலகில் யாரும் எதிர்பார்க்காத என் அமிலம் எங்கள் வீட்டு ரசத்தில் தினமும் வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும், அல்லது அம்மா காலில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. கத்தினேன். எல்லாம் உங்களால்தான் என்று கத்தினேன். அப்பாகூட ஒரு முறை புரண்டு படுத்தார். அம்மா கையில் போத்தலோடு என்னைப் பார்த்தார். "நான் தப்பாக் கழுவிட்டேன், சரி," என்றார். "மேடையில ஏறிப் பேசுனதும் நானா?"

டாக்டர் ரொஹானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அம்மா கழுவிய போத்தல் ஒன்றில் சுத்த நீரை ஊற்றி இயந்திரத்தில் வைத்தார். அதே கூம்பு, அதே கம்பீரம். வாழையே தேவைப்படவில்லை. அவர் சிரிக்கவில்லை. "யாரிடமாவது சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன் என்றேன். அக்காவின் தோப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, அமிலத்தில் ஊறிய போத்தல்களை எனக்குத் தானே எடுத்துக் கொடுத்தார். "போய் எடுத்து வா. அந்த அம்மாவுக்கு நாம் ஒரு பதில் சொல்ல வேண்டும்," என்றார்.

வெட்டிய வாழையின் அடியில் நீர் சில நாள் ஊறிக்கொண்டே இருக்கும். கிழங்கைத் தோண்டும்வரை. அக்காவிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்ப எதுக்குத் தம்பி தண்ணி?"

புளிக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப என் மரத்துல ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா."

"எனக்குத் தெரியும்," என்றார். பிறகு பாராங்கை எடுத்துவந்து, ஒரு கட்டையைத் தானே புதிதாகச் சீவிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முடிவு வந்தது. மாலிக், சிட்ரிக், எந்த வாழையிலும் இருக்கும் அளவு உலோகம். ஊர் ஊராகப் போய்ச் சொல்லத் தயாராக இருந்தேன். கோயில் மண்டபத்தில் கேட்டேன். அன்னதானத்துக்கு முன் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். சாம்பார் வாசனைக்கு நடுவே, வரிசையில் நின்ற கூட்டத்துக்கு, புளி, பித்தளை, போத்தல் என்று படபடவென்று விளக்கினேன். யாரும் கைதட்டவில்லை. மீன்கார அண்ணன் மட்டும் அக்கறையாக வந்து, "அப்ப தம்பி, இனிமே புளி சேத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் கத்தாத குறையாக, "சேத்துக்கலாம் அண்ணே! எல்லாத்தையும் சாப்பிடலாம்!" என்றேன். அன்று மாலை வாட்சாப்பில் புளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை வந்தது. வாழைக்கு ஒரு வரிகூட வரவில்லை.

அக்கா கிழங்கோடு எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டார். அதற்குள் அம்மா போய் ஒரே ஒரு கன்றைக் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டுப் பின்னால் நட்டு வைத்தார். எதற்கென்று அம்மா சொல்லவில்லை.

நான் எப்படியோ முதுகலை முடித்தேன். இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சுங்கை லாலாங்கில் வீடு, அம்மா அப்பாவும் என்னோடுதான். அம்மாவின் கன்றின் கன்று இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. புதுமனை புகுவிழாவுக்கு அக்கா வந்தபோது அம்மாவின் மரத்தில் எடுத்த இன்னொரு கன்றைக் கட்டி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல நீ வெச்சு நீ சாப்புடு தம்பி. அப்பறம் நான் பாத்துக்குறேன்," என்றார், வந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

வீடே சிரித்தது. அந்தக் கேலி அன்று பிடித்துக்கொண்டது. என் தங்கை புதுக் குழம்பு வைத்தால், அப்பா புது மாத்திரை வாங்கினால், மைத்துனன் புதுக் காடி (கார்தான்) எடுத்தால், முதலில் யாராவது ஒருவர் கேட்பார்: "தம்பி சாப்பிட்டானா?" காடியை எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் கேட்பதில்லை. என் கல்யாணத்தில் பெண் வீட்டார் முன்னிலையிலும் கேட்டார்கள். என் மனைவிக்கு முழுக் கதையையும் அன்றே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

போன மாதம் வாசல் மரம் குலை தள்ளிப் பழுத்தது. ஒரு சீப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு லூனாஸ் போனோம். மின்கம்பிக்குக் கீழே அக்காவின் நிலத்தில் இப்போது மரவள்ளியும் செராய் என்னும் வாசனைப் புல்லும். வாழை இல்லை. அக்கா வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களும் தின்பண்டத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அக்கா சீப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"தம்பி சாப்பிட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி ஒன்றை உரித்து அவர் கண்ணெதிரே சாப்பிட்டேன். பிறகு அக்கா ஒன்றை எடுத்து உரித்தார். ஒரு கடி கடித்துவிட்டு, நிதானமாக மென்றார்.

"இது என் மரம்," என்றார்.

"ஆமாக்கா."

"அன்னைக்கு ஒருத்தர் கேட்டாரே, சாப்புடலாமான்னு. இன்னைக்கு உறுதியாச் சொல்லலாமா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மைக் இல்லை, மேடை இல்லை, மண்டபமும் இல்லை.

"சாப்பிடலாம்க்கா," என்றேன்.

அந்த ஒரு சொல்லை அன்றே சொல்லியிருக்கலாம். அக்கா அதற்குள் இரண்டாவது பழத்தை உரிக்கத் தொடங்கியிருந்தார்.